மருந்தும் சரணாகதியும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ளது கரியாஹாட். வங்க மொழியில் ஹாட் என்றால் சந்தை. பெயருக்கு ஏற்றாற்போல் புடவைக் கடைகளும் நடைபாதைக் கடைகளும் நிறைந்த இடம். நாற்சந்தியிலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் கோல்பார்க் என்னும் வட்டச் சந்திப்பு வரும். அங்கே ராமகிருஷ்ண மிஷனின் பண்பாட்டுக் கழகம் கம்பீரமாக நிற்கிறது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நூற்றாண்டு விழாவின் நினைவாக 1938-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 1961-இல் இவ்விடத்திற்கு வந்தது. அதே சாலையில் மேலும் தெற்கே சென்று, டாகுரியா மேம்பாலத்தைக் கடந்து ஜாதவ்பூரை அடைந்தால், இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் வளாகத்தைக் காணலாம். திருவானைக்காவில் பிறந்த சர் சி.வி. ராமன், 1928-இல் தமது புகழ்பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தியது இந்தச் சங்கத்தின் பழைய பௌபஜார் கட்டடத்தில்தான். 1876-இல் அதை நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்.

ஒரே சாலைவழியில் அமைந்த இவ்விரு நிறுவனங்களுள் ஒன்று ஒரு நோயாளியின் பெயரால் எழுந்தது. மற்றொன்று அவருக்கு மருத்துவம் பார்த்தவரால் எழுந்தது. இருவரும் வடகொல்கத்தாவில் 1885-ஆம் ஆண்டு ஒரு நோய்ப்படுக்கையின் அருகே சந்தித்தனர். அந்த நோய், தொண்டைப் புற்றுநோய். அன்று அதற்கு எந்த மருத்துவ முறையிலும் உறுதியான தீர்வு இல்லை. எனினும் எந்த வைத்தியரிடம் செல்வது, எந்த மருந்தை ஏற்பது, எதை மறுப்பது, யார் முடிவு செய்வது என்ற கேள்விகள் இன்றைய குடும்பங்களில் எழுவதுபோலவே அன்றும் எழுந்தன. பயம், நம்பிக்கை, பாசம், பணக்கவலை ஆகிய எல்லாமே அந்த அறைக்குள்ளும் நுழைந்தன. ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் நோக்குவது, இன்று நோயுடன் போராடுபவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் பயன் தரும்.

உடலை அவர் நோக்கிய விதம்

1836, பிப்ரவரி 18-ஆம் நாள், வங்காளத்தின் காமார்புகூர் கிராமத்தில் க்ஷுதிராம், சந்திரமணி தம்பதிக்குப் பிறந்தவர் கதாதரர். 1852-இல் அண்ணன் ராம்குமாருடன் கொல்கத்தா வந்தார். ராணி ராசமணி எழுப்பிய தட்சிணேசுவரக் கோயில் 1855-இல் குடமுழுக்குக் கண்டபின், விரைவிலேயே அவர் காளிதேவியின் அர்ச்சகரானார். அன்னையின் காட்சிக்காக அவர் பட்ட ஏக்கமும் செய்த கடும் சாதனைகளும் யாவரும் அறிந்தவை.

அந்தச் சாதனைக் காலத்தில் அவரது உடல் பெரிதும் வாடியது. உறக்கம் அறவே போயிற்று. உடலெங்கும் நெருப்பாய் எரிந்தது. ராணியின் மருமகனான மதுர்பாபு, அன்று கொல்கத்தாவில் புகழுடன் விளங்கிய ஆயுர்வேத மருத்துவர் கங்காபிரசாத சேனரிடம் அவரை அழைத்துச் சென்றார். குருதேவர் மறுக்கவில்லை. தமக்கு வந்திருப்பது ஆன்மீக அனுபவம், மருந்து எதற்கு என்று வாதிடவும் இல்லை. கொடுத்த மருந்தை உட்கொண்டார். எரிச்சல் தணியவில்லை. அங்கிருந்த மற்றொரு வைத்தியர்தாம் இது யோக நிலையின் விளைவாக இருக்கலாம் என்று கருத்துக் கூறினார்.

1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரவச நிலையில் நடந்துசென்றபோது கீழே விழுந்து இடக்கையின் எலும்பு பிசகியது. கட்டுப்போட்ட கையுடன் அமர்ந்திருந்த அவர், காண வந்த ஒவ்வொருவரிடமும் கை சரியாகிவிடுமா என்று குழந்தையைப்போல் விசாரித்தார். சமாதி நிலையில் உடலையே மறந்துவிடுபவர், அந்நிலையிலிருந்து இறங்கியதும் சாதாரண மனிதரைப்போல வலியை வலி என்றே உணர்ந்தார். அதை மறைக்கவோ அதற்காக வெட்கப்படவோ இல்லை. மகான் என்பவர் வலியை உணராதவராகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் சிறிதும் இருந்ததில்லை. அவரது இறுதி நோயைப் புரிந்துகொள்ள இந்த இயல்பு பெரிதும் உதவும்.

நோயின் வரவு

1885-ஆம் ஆண்டின் கோடையில் அவருக்குத் தொண்டையில் வலி தோன்றியது. முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெயிலின் கொடுமை என்றும், இடைவிடாது பேசுவதால் ஏற்பட்ட புண் என்றும் பக்தர்கள் எண்ணினர். பேச்சைக் குறைக்கும்படி மருத்துவர்கள் வேண்டினர். ஆனால் நாள்தோறும் வருவோரின் கூட்டம் பெருகியபடியே இருந்தது. பானிஹாட்டித் திருவிழாவில் அவர் கலந்துகொண்டு பரவசத்தில் ஆடிப் பாடிய பின் நோய் அதிகரித்தது.

செப்டம்பரில் ஒருநாள் தொண்டையிலிருந்து இரத்தம் வந்தது. பக்தர்கள் கலங்கினர். தட்சிணேசுவரத்தில் இருந்தால் நல்ல மருத்துவம் பார்க்க இயலாது, நகருக்கு அழைத்துவர வேண்டும் என்று முடிவு செய்தனர். அவரும் இசைந்தார். முப்பது ஆண்டுகளாகத் தமது தவச்சாலையாக விளங்கிய இடத்தையும், பவதாரிணியின் சந்நிதியையும், கங்கைக் கரையையும் பிரிந்து புறப்பட்டார். பாக்பஜாரில் அமர்த்தியிருந்த சிறிய வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. உடனே அங்கிருந்து வெளியேறி, பலராம் போஸின் இல்லத்திற்குச் சென்றுவிட்டார். எங்கே தங்கி மருத்துவம் பெறுவது என்பதில் தமது விருப்பத்தை வெளிப்படுத்த அவர் தயங்கவில்லை.

பலராமின் இல்லத்தில் ஒரு வாரம் தங்கினார். கங்காபிரசாதர் உள்ளிட்ட தலைசிறந்த ஆயுர்வேத வைத்தியர்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் கூடிப் பரிசோதித்து, இது ஆயுர்வேத நூல்கள் ரோகிணி என்று கூறும் நோய் என்றும், இது குணமாவது அரிது என்றும் தெரிவித்தனர். ஆங்கில மருத்துவத்தின் கடுமையான மருந்துகளை அவரது மென்மையான உடல் தாங்காது என்பதைப் பக்தர்கள் முன்பே கண்டிருந்தனர். எனவே ஹோமியோபதி முறையை நாடுவதென்று தீர்மானித்தனர். அக்டோபர் 2-ஆம் நாள் சியாம்புகூரில் ஒரு வாடகை வீட்டிற்கு அவர் மாற்றப்பட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக நினைவில் கொள்ள வேண்டும். கதிர்வீச்சு மருத்துவம் அன்று உலகில் தோன்றவே இல்லை. எக்ஸ் கதிர் 1895-இலும் ரேடியம் 1898-இலும்தான் கண்டறியப்பட்டன. கைவசம் இருந்த வழிகளைச் சீர்தூக்கி, நோயாளியின் உடல் தாங்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்தனர் என்பதே அந்த முடிவின் பொருள். சிறந்த மருத்துவம் ஒன்று இருக்க, அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை நாடிய செயல் அன்று.

மருத்துவர் மகேந்திரலால்

டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் சாதாரண மருத்துவர் அல்லர். 1833-இல் பிறந்து, 1863-இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற மிகச் சிலருள் ஒருவர். முதலில் ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்தவர், ஆராய்ந்து பார்த்தபின் 1867-இல் தமது மனமாற்றத்தை மருத்துவர் சபையிலேயே அறிவித்தார். அதனால் சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். உண்மை என்று தோன்றியதைச் சொல்ல அஞ்சாதவர்; பேச்சில் கடுமை, உள்ளத்தில் கனிவு. அவதாரம் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. மனிதரை மனிதர் காலில் விழுந்து வணங்குவதையும் அவர் விரும்பவில்லை.

முதல் பரிசோதனையின்போது அவர் நாக்கை அழுத்திப் பிடித்த விதம் குருதேவருக்கு மிகவும் வலித்தது. அதைப் பின்னர் பக்தர்களிடம் குழந்தைபோல முறையிட்டார். எனினும் அந்த மருத்துவரிடம் அவர் வைத்த நம்பிக்கை குறையவில்லை. மருத்துவருக்கும் அவர்மீது நாளுக்கு நாள் ஈடுபாடு வளர்ந்தது. செலவைப் பக்தர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை அறிந்தபின் கட்டணம் பெறுவதை நிறுத்திவிட்டார். சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடிய பரிசோதனைக்கு வந்தவர் பல மணிநேரம் அமர்ந்து உரையாடினார். மற்ற நோயாளிகள் காத்திருப்பதையும் மறந்தார். நோயாளி பேசக்கூடாது என்று கண்டிப்புடன் கட்டளையிட்டவரே அவரைப் பேசவைத்து மகிழ்ந்தார்.

துர்கா பூஜை நாளில் குருதேவர் சமாதியில் ஆழ்ந்தபோது, டாக்டர் சர்க்கார் தமது கருவியால் இதயத் துடிப்பைச் சோதித்தார். உடனிருந்த மற்றொரு மருத்துவர் திறந்திருந்த கண்மணியை விரலால் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. தாம் கற்ற விஞ்ஞானம் இதற்கு விளக்கம் தரவில்லை என்பதை மருத்துவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மருத்துவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றார். நோயாளி தமக்கு வலிப்பதை வலிக்கிறது என்றார். இந்த நேர்மையே இருவருக்கும் இடையே பாலமாயிற்று. மருத்துவரின் கொள்கையும் நோயாளியின் கொள்கையும் ஒத்துப்போனால்தான் நம்பிக்கை பிறக்கும் என்பதில்லை. தன்னை முழு மனிதனாக மதித்துக் காது கொடுப்பவரிடம் நோயாளியின் மனம் தானே சென்று தங்குகிறது.

மருந்தையும் பத்தியத்தையும் பொறுத்தவரை குருதேவர் கீழ்ப்படிந்தார். ஆனால் மௌனமாக இருக்க வேண்டும், பரவசத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற கட்டளையை மட்டும் அவரால் கடைப்பிடிக்க முடியவில்லை. தாகத்துடன் வருபவர்களைத் திருப்பி அனுப்ப அவர் மனம் இடம் தரவில்லை. பார்வையாளர்கள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்நாட்களில், நாடக நடிகை வினோதினி, ஐரோப்பியர்போல் ஆண்வேடமிட்டுக் காவலைக் கடந்துவந்து அவரைத் தரிசித்தார். உண்மை தெரிந்ததும் அவர் சினம் கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்து அவருக்கு ஆசி வழங்கினார். உயிரை நீட்டிப்பது எதற்காக என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது. பிறருக்கு உதவுவதற்காகவே அந்த உடல். அதைக் காப்பதற்காக அந்த உதவியையே நிறுத்திவிடுவது அவருக்குப் பொருளற்றதாயிற்று. எந்த ஆலோசனையை ஏற்பது, எதை விடுவது என்பதை அவர் இந்த அளவுகோலால் முடிவு செய்தார்.

அன்பர்களின் மூன்று மனநிலைகள்

நோயாளியின் மனத்தைப் போலவே, சுற்றியிருப்பவர்களின் மனமும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. சியாம்புகூரில் கூடிய பக்தர்களிடையே மூன்று மனநிலைகள் உருவாயின.

கிரீஷ் சந்திர கோஷும் அவரைச் சார்ந்தவர்களும், குருதேவர் அவதார புருஷர், இந்த நோய் அவர் ஏற்றுக்கொண்ட லீலை, நோக்கம் நிறைவேறியதும் அவரே குணமாகிவிடுவார் என்று உறுதியாக நம்பினர். வேறு சிலர், அவர் ஜகன்மாதாவின் கருவி, அவளுடைய ஏதோ ஒரு திருவுள்ளத்திற்காக இந்நோய் வந்துள்ளது, அது நிறைவேறியதும் அவளே குணப்படுத்துவாள் என்று எண்ணினர். நரேந்திரரைத் தலைவராகக் கொண்ட இளைஞர்களோ, பிறப்பும் இறப்பும் நோயும் உடலின் இயல்பு, அதற்கு இயற்கையான காரணங்களே உண்டு, எனவே இயன்ற மருத்துவத்தைச் செய்து உயிரைக் கொடுத்தும் சேவை புரிவதே நம் கடமை என்று கருதினர்.

இம்மூன்று நிலைகளையும் இன்றும் எந்தக் குடும்பத்திலும் காணலாம். அற்புதம் நிகழும் என்று காத்திருப்பவர் ஒருவர்; இறைவன் விட்ட வழி என்று இருப்பவர் ஒருவர்; மருத்துவர் சொல்வதை வரிக்கு வரி பின்பற்றுபவர் ஒருவர். பல வீடுகளில் இந்தக் கருத்து வேறுபாடே சண்டையாக முற்றி, நடுவில் நோயாளி தனித்து விடப்படுகிறார். சியாம்புகூரில் அப்படி நடக்கவில்லை. கருத்தில் மாறுபட்டவர்கள் சேவையில் ஒன்றாக நின்றனர். லீலை என்று நம்பியவரும் மருந்து வேளையைத் தவறவிடவில்லை. நம்பிக்கை காரணமாக எவரும் சிகிச்சையைத் தள்ளிப் போடவில்லை.

அன்னை ஸ்ரீசாரதா தேவியின் பங்கு இங்கே மகத்தானது. பெண்கள் தங்குவதற்கு ஏற்ற வசதி இல்லாத அந்த வீட்டில், மாடிப்படியின் அருகே இருந்த சிறு இடத்தில் பகல் முழுதும் கழித்தார். விடியற்காலை மூன்று மணிக்கு முன்பே எழுந்து நீராடி, பிறர் கண்ணில் படாமல் பத்திய உணவைத் தயாரித்தார். உறங்கச் செல்ல இரவு பதினொரு மணி ஆகிவிடும்.

காசிப்பூர்த் தோட்டம்

நகரின் நெரிசல் உடலுக்கு ஒவ்வாததால், டிசம்பர் 11-ஆம் நாள் காசிப்பூரில் ஒரு தோட்ட வீட்டிற்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். மாத வாடகை 80 ரூபாய். அதைச் சுரேந்திரநாத் மித்ரர் ஏற்றுக்கொண்டார். ராஜேந்திரலால் தத்தர் என்ற ஹோமியோபதி மருத்துவரின் மருந்தால் சில நாட்கள் நோய் சற்றுத் தணிந்தது. 1886, ஜனவரி முதல் நாள் அவர் தோட்டத்தில் உலவச் சென்று, கூடியிருந்த பக்தர்களுக்கு அருள்மாரி பொழிந்த கல்பதரு நாள் அந்தச் சிறு இடைவெளியில்தான் வந்தது. பின்னர் நோய் மீண்டும் முற்றியது. மருத்துவக் கல்லூரியின் முதல்வரான டாக்டர் கோட்ஸும் வந்து பார்த்துப் புற்றுநோய் என்பதை உறுதி செய்தார்.

வைத்தியர் ஒருவர் நத்தைச் சாறு கொடுக்கும்படி கூறினார். குளப்படிகளில் உயிருடன் ஊர்ந்து செல்வதைக் கண்ட நத்தைகளைத் தம் கையால் கொல்வதற்கு அன்னையின் மனம் ஒப்பவில்லை. தமக்காக அதைச் செய்யும்படி குருதேவர் வற்புறுத்தினார். அன்னை தமது தயக்கத்தை அடக்கிக்கொண்டு சமைத்துத் தந்தார். உயிர்களிடமெல்லாம் இறைவனைக் கண்ட இருவருக்கும் இது எளிதான முடிவாக இருந்திருக்காது. நோயாளியைப் பேணுபவர் தமது விருப்பு வெறுப்பைவிட நோயாளியின் தேவையை முன்னே வைக்க நேரும் என்பதை இந்நிகழ்ச்சி அமைதியாக உணர்த்துகிறது.

மருத்துவம் கைவிடும் நிலையில் மனம் அற்புதத்தைத் தேடுவது இயல்பு. அன்னையும் தாரகேசுவரம் சென்று, சிவபெருமான் சந்நிதியில் உணவும் நீருமின்றிப் பாடு கிடந்தார். இரவில், அடுக்கிவைத்த பானைகள் ஒரே அடியில் உடைந்ததுபோன்ற ஒலி அவர் காதில் விழுந்தது. அந்தக் கணத்தில் இவ்வுலகில் யார் யாருக்கு உறவு என்ற தீவிர வைராக்கியம் அவர் உள்ளத்தில் எழுந்தது. வேண்டுதலைத் தொடராமல் எழுந்து, நீரருந்தித் திரும்பினார். நோய் குணமாகவில்லை, ஆனால் எதையும் தாங்கும் உறுதியுடன் வந்தார். வந்தபின் மீண்டும் பத்திய உணவு தயாரிக்கும் பணியிலேயே ஈடுபட்டார். அற்புதம் கிடைக்காதபோது அவரது சேவை தளரவில்லை என்பதே இங்கு நாம் வணங்கத்தக்கது.

பயமும் வந்தது. இந்நோய் தொற்றும் என்ற பேச்சு இளைஞர்களிடையே பரவி, சிலர் அருகே செல்லத் தயங்கினர். ஒருநாள் குருதேவர் அருந்தி மீந்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை நரேந்திரர் எடுத்தார். அதில் அவரது உமிழ்நீரும் சீழும் கலந்திருந்தன. எல்லோர் முன்னிலையிலும் அதைக் குடித்தார். அன்றோடு அந்த அச்சம் ஒழிந்தது. அச்செயலை நாம் பின்பற்ற வேண்டியதில்லை; ஆனால் புற்றுநோயாளியின் அருகே அமர்ந்தாலோ, அவர் தட்டைத் தொட்டாலோ நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற தவறான எண்ணம் இன்றும் சில வீடுகளில் நோயாளியைத் தீண்டத்தகாதவராக ஆக்கிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

பணக்கவலையும் விட்டுவைக்கவில்லை. செலவு கூடுகிறது, பணிவிடைக்கு இத்தனை பேர் எதற்கு என்று இல்லறத்துப் பக்தர்கள் சிலர் கேட்டனர். இளைஞர்கள் மனம் புண்பட்டு, அவர்களுடைய பணமே வேண்டாம் என்றனர். பிணக்குப் பெரிதாகி, பின்னர் கிரீஷ் முதலியோரின் பரிவால் தீர்ந்தது. அந்த இளைஞர்களுள் சசி என்பவர் இரவு பகல் பாராமல் குருதேவரின் அருகிலேயே நின்றார். அவரே பிற்காலத்தில் சுவாமி ராமகிருஷ்ணானந்தராக 1897-இல் சென்னைக்கு வந்து, தென்னாட்டில் ராமகிருஷ்ண இயக்கத்திற்கு வித்திட்டவர்.

வேண்ட மறுத்த மனம்

பண்டிதர் சசதரர் ஒருநாள் ஒரு யோசனை கூறினார். குருதேவரைப் போன்ற மகான்கள் நோயுற்ற பகுதியில் மனத்தை ஒருமுகப்படுத்தினால் நோய் தானே நீங்கிவிடும் அல்லவா என்பது அவர் கருத்து. குருதேவர் ஏற்கவில்லை. இறைவனுக்கு ஒப்படைத்த மனத்தைத் திரும்பப் பெற்று, இந்தச் சதைக்கூட்டின்மீது வைப்பது அவருக்கு இயலாததாயிற்று.

பண்டிதர் சென்றபின் நரேந்திரரும் மற்றவர்களும் தங்களுக்காகவாவது அன்னையிடம் வேண்டும்படி மன்றாடினர். சீடர்களின் அன்புக்கு இரங்கி, சிறிதளவேனும் உண்ண முடியும்படி அருளுமாறு அவர் தேவியிடம் கேட்டார். இத்தனை பேரின் வாய் வழியாக உண்பது அவர்தானே என்பதை அன்னை உணர்த்தினாள் என்றும், வெட்கத்தால் மேலும் எதுவும் கேட்க இயலவில்லை என்றும் பின்னர் சீடர்களிடம் தெரிவித்தார்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். வைத்தியர் தந்த மருந்தையெல்லாம் உட்கொண்டவர், நத்தைச் சாற்றையும் வற்புறுத்திப் பெற்றவர், தமது ஆன்மீக ஆற்றலை மட்டும் ஏன் பயன்படுத்த மறுத்தார்? இதில் முரண்பாடு இல்லை. உடல் உள்ளவரை உடலுக்குரிய முயற்சியை உடலின் வழியிலேயே செய்ய வேண்டும். அதற்கு மருந்து, பத்தியம், மருத்துவர் ஆகியோர் உண்டு. இறைவனிடம் வைத்த உறவை உடல்நலத்திற்கு விலையாகக் கொடுக்கலாகாது. முயற்சி மருந்துக்கு உரியது. பலன் இறைவனுக்கு உரியது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மருத்துவம் செய்ய வேண்டிய நேரத்தில் நேர்த்திக்கடன் செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். மருத்துவம் தோற்றபோது இறைவனிடம் கோபம் கொள்கிறோம்.

1886, ஆகஸ்டு 16-ஆம் நாள் அதிகாலை, இரவு ஒரு மணியைக் கடந்த சிறிது நேரத்தில் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அது ஆழ்ந்த சமாதியாகவே இருக்கும் என்று சீடர்கள் விடியும்வரை நம்பியிருந்தனர். நண்பகலில் வந்த டாக்டர் சர்க்கார் பரிசோதித்து, உயிர் பிரிந்துவிட்டதை அறிவித்தார். ஒரு புகைப்படம் எடுக்கும்படி கூறி, அதற்காகப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுச் சென்றார். நோயாளியைக் குணப்படுத்த முடியாத ஒரு மருத்துவரின் மரியாதை அது.

நமக்கு உரிய பாடம்

அதே ஆண்டுகளில் உலகின் வேறு இரு இடங்களிலும் இந்த நோய் புகழ்பெற்றவர்களைத் தாக்கியது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட், வறுமையில் வாடிய தமது குடும்பத்திற்காகத் தொண்டைப் புற்றுநோயின் வலியுடனேயே தமது நினைவுகளை எழுதி முடித்து, சில நாட்களில், 1885 ஜூலை 23-இல் மறைந்தார். ஜெர்மானிய இளவரசர் பிரெடெரிக்கிற்கு 1887-இல் குரல்வளையில் கட்டி தோன்றியபோது, அறுவை சிகிச்சை வேண்டும் என்று ஜெர்மானிய மருத்துவர்களும், புற்று என்பதற்குச் சான்று இல்லை என்று லண்டனிலிருந்து வந்த மருத்துவரும் முரண்பட்டனர். மாதங்கள் கடந்தன. அரியணை ஏறிய 99-ஆம் நாள், 1888 ஜூன் 15-இல் அவர் இறந்தார். மன்னருக்கு மருத்துவர் பலர் இருந்தனர். ஆனால் அவர்களுள் ஒருமனம் இல்லை.

நம் தமிழகத்தில் பகவான் ஸ்ரீரமண மகரிஷியின் வாழ்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்காக 1949-இல் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது. பக்தர்கள் விரும்பிய வெவ்வேறு சிகிச்சைகளை அவர் ஏற்றுக்கொண்டார். கையையே அகற்றலாம் என்ற யோசனையை மட்டும் மறுத்தார். 1950, ஏப்ரல் 14-இல் உடலை விடுத்தார். குருதேவரைப் போலவே அவரும் சிகிச்சையை வெறுக்கவில்லை. உயிரைப் பற்றிக்கொள்ளவும் இல்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. கொல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை 1950-இல் திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் தோன்றியது. தொண்டைப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டால் கதிர்வீச்சாலோ அறுவையாலோ இன்று பலர் குணமடைகின்றனர். ஆனால் மனம் அதே மனம்தான். மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தும், விழுங்க வலித்தும், பரிசோதனைக்குச் செல்ல அஞ்சுகிறவர் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைத்து, அவருக்குத் தெரியாமலே அவருடைய சிகிச்சையை முடிவு செய்யும் குடும்பங்கள் உண்டு. குருமார்களின் பெயரைச் சொல்லியே மருத்துவத்தை மறுப்பவர்களும் உண்டு. 1885-இல் வேறு வழியின்றி நாடிய முறையைக் காட்டி, இன்று குணப்படுத்தக்கூடிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவது குருதேவரைப் பின்பற்றுவதாகாது. அவர் தம் காலத்தில் கிடைத்த சிறந்த மருத்துவர்கள் அனைவரையும் அனுமதித்தார் என்பதே நாம் பின்பற்ற வேண்டியது.

அந்த நோய்ப்படுக்கை மேலும் சிலவற்றைக் கற்றுத்தருகிறது. அங்கே நோயாளியின் விருப்பம் கேட்கப்பட்டது. மருத்துவர் அறிவுடன் நேரத்தையும் அளித்தார். பேணியவர்கள் கருத்தில் வேறுபட்டும் கைகளால் ஒன்றுபட்டனர். வலி வந்தபோது அவர் முனகினார். முனகியவரே அடுத்த கணம் புன்னகைத்தார். இவை இருந்த இடத்தில் குணமாகாத நோயும் ஒரு மனிதரின் அமைதியைக் குலைக்க முடியவில்லை.

கரியாஹாட் சாலையில் இன்று ஆயிரக்கணக்கானோர் விரைகின்றனர். அவர்களுள் மருத்துவ அறிக்கைகளைக் கையில் ஏந்தி, என்ன முடிவு செய்வது என்று தெரியாமல் செல்பவர்களும் இருக்கக்கூடும். அவர்கள் செல்லும் வழியில், அறிவியலுக்காக வாழ்ந்த ஒரு மருத்துவரின் நினைவும், இறைவனுக்காக வாழ்ந்த ஒரு நோயாளியின் நினைவும் அருகருகே நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விடவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஒரு கையால் மருந்தை ஏற்று, மறு கையால் இறைவனின் திருவடியைப் பற்றிக்கொள்ளலாம். குருதேவர் செய்தது அதுவே.